பழைய வீட்டில் ஓவியம் ஏற்றும் முன்: கல்பாத்தியில் நான் பட்ட பாடு

பாலக்காடு கல்பாத்தியில், சாத்தபுரம் பக்கம் இருக்கும் எங்கள் பூர்வீக அக்ரஹார வீடு இப்போது ஐந்து அறைகள் கொண்ட தங்கும் விடுதி. ரேழியில் ஒரு சிற்பம், கூடத்தில் பெரிய ஓவியம், ஒவ்வொரு அறையிலும் இந்தக் காலத்துக் கலைஞர்களின் வேலைகள். படங்களைப் பார்த்துவிட்டு சித்தூர், கொல்லங்கோடு, செங்கோட்டை, திருவனந்தபுரம் கரமனை என்று பழைய வீடு வைத்திருக்கிறவர்கள் பலர் கூப்பிடுகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: டிசைனர் யார், எவ்வளவு ஆச்சு? நான் சொல்ல ஆரம்பிப்பதோ சுவரைப் பற்றி. பாதிப் பேருக்கு அதில் ஆர்வம் இல்லை, "சரி அக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் இதில் இறங்கியபோது கூட நின்று சொல்ல யாரும் இல்லை. அண்ணன் வெளிநாட்டில், அவன் பங்கை எனக்கே விட்டுக்கொடுத்துவிட்டான், மீதி எல்லாம் நானும் வங்கிக் கடனும்தான்.

அக்ரஹார வீடு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தெருவில் பார்த்தால் பன்னிரண்டு பதினைந்து அடி அகலம்தான் இருக்கும். உள்ளே போனால் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ரயில் பெட்டி கணக்காக நீண்டுகொண்டே போகும், மேலே மச்சு. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரில் அவர்களுக்கும் பாதி உரிமை. எங்கள் வீட்டின் பொதுச்சுவர் கீழே வெட்டுகல்லும் மேலே மண்ணும், மேல்பூச்சு சுண்ணாம்பு. கூடத்தில் முற்றத்து வெளிச்சம் நேராக விழுவது அந்தச் சுவர் மேல்தான். வந்த டிசைனர்கள் எல்லோர் கண்ணும் முதலில் போனதும் அங்கேதான். இந்தக் கதை முழுக்க அந்த ஒரு சுவரின் கதை.

இந்த யோசனையே எனக்குக் கொச்சியில் வந்ததுதான். 2012 டிசம்பர் 12இல் கொச்சி முசிறிஸ் பினாலே என்ற கலைக்கண்காட்சி தொடங்கியதிலிருந்து, ஃபோர்ட் கொச்சியில் மிளகும் கயிறும் அடுக்கி வைத்திருந்த கிடங்குகளில் கலைஞர்கள் வேலை செய்வதைப் பார்க்க முடிந்தால் போய்விடுவேன். ஆஸ்பின்வால் ஹவுஸ் என்று கடலை ஒட்டி ஒரு பழைய வணிக வளாகம், 1867இல் தொடங்கிய கம்பெனியுடையது. உதிர்ந்த காரைச் சுவருக்கு முன்னால் புத்தம்புது வேலை ஒன்று நிற்கும்போது இரண்டுமே அழகாகத் தெரியும். கல்பாத்தியில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, மீதியில் வயதானவர்கள். தேர் சமயத்தில் மட்டும் தெரு நிறைகிறது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இப்படி ஒரு உயிர் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. நான் பேசிய டிசைன் ஸ்டுடியோவும் அதே பாணியில்தான் படம் காட்டினார்கள். அமெரிக்காவில் லூயிவில் நகரத்தில் 19ஆம் நூற்றாண்டுப் புகையிலை, சாராயக் கிடங்குகளை இணைத்து 2006இல் திறந்த 21சி மியூசியம் ஹோட்டல். ஜப்பானில் நவோஷிமா தீவில் 1998இல் தொடங்கிய பழைய வீடுகளின் கலைத்திட்டம். எனக்கு ஒரே பரவசம்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது நான் பயந்த அளவுக்கு இல்லை. கல்பாத்தி பாரம்பரியப் பகுதி. முகப்பைத் தொடுகிற எந்த வேலையானாலும் நகராட்சியோடு முடியாது, கலை பாரம்பரிய ஆணையத்தின் பார்வைக்கும் போகும். எங்கள் திண்ணை, மரத்தூண், ஓட்டுக்கூரை எதையும் தொடப்போவதில்லை என்று வரைபடத்திலேயே காட்டியதால் தாமதமானதே தவிர தடங்கல் இல்லை. நான் வீட்டின் பின்கட்டிலேயே குடியிருக்கிறேன், அதனால் பேச்சுக்குத்தான் ஹோட்டல், காகிதத்தில் ஹோம்ஸ்டே. கேரளச் சுற்றுலாத் துறை டயமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் பிரித்துச் சான்றிதழ் கொடுக்கிறது, போலீஸ் சான்று வேண்டும். ஆறு அறைக்கு மேல் போனால் இந்த வழி அடைத்துவிடும் என்பதால் அறை எண்ணிக்கையை முதலிலேயே முடிவு செய்யுங்கள். வெளிநாட்டு விருந்தினர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை ஆன்லைனில் பதிவு செய்தாக வேண்டும், 2025 வரை ஃபார்ம் சி என்று இருந்த படிவம் அது. இது தெரியாமல் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தச் சான்றிதழ் இல்லாமல் மின்சார இணைப்பைச் சொந்த வீட்டுக் கணக்கில் வைத்துக்கொண்டு தொழில் நடத்தாதீர்கள், சோதனை வந்தால் மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவில் இரட்டிப்புக் கட்டணம் போடுவார்கள்.

இனி சுவர். வேலை தொடங்கும் முன்பே அதில் இடுப்பளவுக்கு ஓதம், அதாவது ஊறிய ஈரம், இருந்தது. காரணமும் தெரிந்ததுதான். தெருவில் ரோடு மேல் ரோடாகப் போட்டுப் போட்டுத் தரை உயர்ந்துவிட்டது, முன்பு மூன்று படி ஏறிப் போன திண்ணைக்கு இப்போது ஒரு படிதான். மழைத்தண்ணீர் வீட்டடியில் இறங்குகிறது. போதாததற்கு, அறைக்கு அறை பாத்ரூம் வேண்டும் என்று அடுக்களைப் பக்கம் புதிதாக இரண்டு கட்டினார்கள், அதன் குழாய்கள் எல்லாம் அந்தச் சுவரை ஒட்டியே ஓடின. எங்கள் ஊர்ப்பக்கம் சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான மேஸ்திரி ஒருவர் ஓட்டு வேலைக்கு வந்திருந்தார். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது மண்ணுச் சுவரு. சிமெண்ட் பூசுனா தண்ணி உள்ளாறயே நின்னுக்கும், சுண்ணாம்புதான் கேக்கும்" என்றார். நான் அதை அப்படியே ஸ்டுடியோவின் சூப்பர்வைசரிடம் சொன்னேன், மெயிலிலும் எழுதினேன். வந்த பதில், "மேடம், அதெல்லாம் பழைய காலம், நாங்கள் போடும் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங்குக்குப் பத்து வருஷம் வாரண்டி." சிமெண்ட் பிளாஸ்டர், அதன் மேல் வாட்டர்ப்ரூஃப், அதன் மேல் அக்ரிலிக் ப்ரைமர் என்று மூன்று அடுக்கு ஏற்றினார்கள். பார்க்கக் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. அந்தச் சுவர் பில் மட்டும் 2,20,000 ரூபாய்.

அதில் மியூரல், அதாவது சுவரோவியம், வரைய வந்தவர் திருச்சூர்ப் பக்கத்து இளம் ஓவியர். நல்ல பெண், என்னை சேச்சி என்றுதான் கூப்பிடுவாள். சாமி படம் வேண்டாம், கதகளி முகம் வேண்டாம், படகும் தென்னையும் வேண்டவே வேண்டாம் என்று நான் சொன்னதற்கு அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. தேர்வடத்தையே எடுத்துக்கொண்டாள். தேர் கிடையாது, ஆள் கிடையாது, பதினாறு அடி நீளத்துக்கு முறுக்கிய வடமும் அதைப் பற்றிய கைகளும்தான். காவியும் கரியும் தவிர வேறு நிறம் அநேகமாக இல்லை. தெருக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்த் திரும்பவும் வந்து பார்த்தார்கள். கூலி 3,50,000. அதற்கு ஒரு ரூபாய் கூடக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை, அத்தனை உழைப்பு. மாசியில் வேலை முடிந்தது, சித்திரையில் முதல் விருந்தினர்கள் வந்தார்கள், ஐப்பசித் தேருக்கு எல்லா அறைகளும் முன்பதிவு ஆகிவிட்டன. விசுவநாத சுவாமி கோயில் 1425இல் எழுந்ததாகச் சொல்வார்கள், அந்தத் தேருக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அறைக்கு என்ன வாடகை சொன்னாலும் கொடுப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துக் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கிய மாதங்கள் அவை.

இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்தது. முதலில் வடத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு வெள்ளைப் பொடி. துடைத்தால் போய்விடும், மறுநாள் காலையில் திரும்பவும் பூத்திருக்கும். அப்புறம் பெயிண்ட் கொப்புளமாக எழும்பியது, விரலால் தொட்டால் உள்ளே தண்ணீர். ஆடி மாதம் ஒரு கையின் மணிக்கட்டு முழுசாகக் கழன்று தரையில் விழுந்தது. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தால் உள்ளே எப்படி வேர்த்துக் கொட்டுமோ அதேதான் சுவருக்கும் நடந்தது. மண்ணும் சுண்ணாம்புமான சுவர், தரையிலிருந்து உறிஞ்சும் ஈரத்தை மேல்பூச்சு வழியாகக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். அந்த வாசலை அடைத்தால் ஈரம் உள்ளேயே மேலே மேலே ஏறும், அதில் கரைந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சையே தள்ளிவிடும். எங்கள் சுவரில் இடுப்பளவு இருந்த ஓதம் தோளளவுக்கு ஏறியிருந்தது. பக்கத்து வீட்டு மாமாவின் பூஜையறைச் சுவரிலும் முதல்முறையாக ஈரம் தெரிந்தது. இந்தப் பக்கம் வழியில்லாததால் அந்தப் பக்கம் போயிருக்கிறது.

அந்த நாட்களில் நான் இருந்த இருப்பைச் சொல்லாமல் விட்டால் இது முழுமை ஆகாது. அண்ணன் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டேன். விருந்தினர் கூடத்தில் உட்கார்ந்தால் அவர்கள் சுவரைப் பார்க்கக் கூடாதே என்று வேண்டுமென்றே முன்னால் போய் நின்று பேசுவேன். ராத்திரி டார்ச் அடித்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் படுப்பேன், தூக்கம் வராது. ஸ்டுடியோவுக்கு அனுப்பிய படங்களுக்கு வந்த பதில், "இது கட்டடத்தின் முன்பே இருந்த குறைபாடு, வாரண்டியில் வராது." பத்து வருஷ வாரண்டிக் காகிதத்தைத் தேடி எடுத்துப் பார்த்தால் அது கோட்டிங் கம்பெனி கொடுத்தது, 'அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரம் நீங்கலாக' என்று ஐந்தாவது பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. கடைசி பில்லை நான் கொடுத்து முடித்துவிட்டிருந்தேன், அவர்கள் போன் எடுப்பதும் குறைந்துவிட்டது.

ஆகவே நீங்கள் யாரிடம் வேலை கொடுத்தாலும், மொத்தத் தொகையில் பத்து சதவீதமாவது ஒரு முழு மழைக்காலம் முடிகிற வரை கையில் நிறுத்தி வையுங்கள், ஒப்பந்தத்தில் எழுதியே வையுங்கள். எடுத்த எடுப்பில் எல்லோரும் முடியாது என்பார்கள், பிறகு ஒத்துக்கொள்வார்கள். இரண்டாவது, சுவரில் ஈரம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல விடாதீர்கள். கனமான பாலிதீன் ஷீட்டை ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு இடைவெளி இல்லாமல் சுவரில் ஒட்டி, ஒரு நாள் கழித்து எடுங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் அந்தச் சுவர் ஓவியத்துக்குத் தயாரில்லை. தரையிலிருந்து ஒரு அடி, நாலு அடி, ஏழு அடி என்று வேறு வேறு உயரத்தில் செய்து பார்த்தால் ஈரம் கீழிருந்து ஏறுகிறதா, மேலே ஓட்டிலிருந்து இறங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும். இதைப் பங்குனி வெயிலில் செய்து பயனில்லை. மழைக்காலத்தில் ஒருமுறை, மழை விட்டபின் ஒருமுறை செய்ய வேண்டும். அதாவது வீடு கையில் வந்து ஒரு வருஷம் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடன் வாங்கியவருக்கு இது கசப்பான யோசனைதான், தெரியும். அப்படியானால் முதல் வருஷம் சுவரைத் தொடாத வேலைகளை மட்டும் செய்யுங்கள், ஓடு மாற்றுவது, வயரிங், கொல்லைப்பக்கம், இப்படி.

சுவரை உரிப்பது என்று முடிவானதும்தான் நான் எதிர்பார்க்காத கதவு திறந்தது. உரித்தால் ஓவியம் போய்விடும். ஓவியரிடம் சொன்னதும் அவள் அழுதாள், பிறகு கோபப்பட்டாள், "சேச்சி, அதைத் தொடக்கூடாது, சட்டப்படி எனக்கு உரிமை இருக்கு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வீடு, என் சுவர், காசு கொடுத்தது நான். வக்கீலிடம் போனேன். அவர் பொறுமையாக விளக்கினார். 1957 காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தில் 57ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. காப்புரிமை யார் கையில் இருந்தாலும், தன் பெயருக்குக் கெடுதல் வருகிற மாதிரி படைப்பைச் சிதைத்தால் கேட்கும் உரிமை படைத்தவருக்கு உண்டு. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டார்கள், அவர் வழக்குப் போட்டு, 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தை அவருக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஐந்து லட்சம் நஷ்ட ஈடும் விதித்தது. இன்னொரு பக்கம், டெல்லி பிரகதி மைதானத்தின் ஹால் ஆஃப் நேஷன்ஸ் கண்காட்சி அரங்கம் 2017இல் இடிக்கப்பட்டபோது அதன் கட்டடக்கலைஞர் ராஜ் ரேவல் போட்ட வழக்கில், நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சொந்தக்காரர் இடிப்பதைக் கட்டடக்கலைஞர் தடுக்க முடியாது என்று 2019இல் அதே நீதிமன்றம் சொன்னது. உங்கள் விஷயம் இரண்டுக்கும் நடுவில், கோர்ட்டுக்குப் போனால் யார் ஜெயிப்பார் என்பதைவிட எத்தனை வருஷம் ஆகும் என்பதுதான் கேள்வி, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஆலோசனைக்கும் பிறகு பத்திரம் எழுதியதற்கும் சேர்த்து 35,000.

பேசித்தான் தீர்த்தோம். அவள் நேரில் வந்து, கழன்ற பகுதியைப் பார்த்து, சுவரைத் தடவிப் பார்த்து, இதில் இனி எதுவும் நிற்காது என்று அவளே சொன்னாள். முழு ஓவியத்தையும் துண்டு துண்டாக நல்ல கேமராவில் படமெடுத்தோம், கெட்டியாக இருந்த இரண்டு கைகளைப் பூச்சோடு வெட்டி எடுத்து அவளிடமே கொடுத்தேன், அவள் ஒப்புதல் எழுதிக் கொடுத்த பிறகே உளி எடுத்தோம். புது ஓவியம் சுவரில் இல்லை, அலுமினியச் சட்டத்தில் பொருத்திய பலகைகளில் வரைந்து, சுவருக்கும் பலகைக்கும் நடுவில் இரண்டு இன்ச் காற்று போகிற மாதிரி மாட்டியிருக்கிறோம். நாளைக்கு என்ன ஆனாலும் திருகைக் கழற்றி எடுத்துவிடலாம். அதற்கு அவள் வாங்கியது 90,000தான், பொருட்செலவு மட்டும் என்று சொன்னாள். நான் அதிகம் கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை.

இப்போது எந்தக் கலைஞரிடம் வேலை சொன்னாலும் முதல் நாளே எழுதிக்கொள்கிறேன்: சுவர் பழுதானால் யாரிடம் எத்தனை நாள் முன்னறிவிப்பு கொடுத்து எப்படி அகற்றலாம், அகற்றும் முன் படமெடுக்க யார் செலவு, மீதி யாருக்கு. இன்னொன்றும் முக்கியம். நாம் காசு கொடுத்து நமக்காக வரையச் சொன்ன ஓவியத்தின் காப்புரிமை, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், பொதுவாக வரையச் சொன்னவருக்கு வரும். ஆனால் கேலரியில் ரெடியாக வாங்கிய படத்தின் காப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும், நமக்குச் சொந்தம் அந்தப் படம் மட்டும். அதைப் போட்டோ எடுத்து விளம்பரத்தில், மெனு கார்டில், பையில் அச்சடிக்க வேண்டுமானால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், எத்தனை வருஷத்துக்கு என்பதையும் போடுங்கள். போடாவிட்டால் ஐந்து வருஷம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று அந்த நேரத்தில் ஒரு சின்ன ஆசை இருந்தது. ஏஜெண்ட் பாலிசியைப் பிரித்துக் காட்டினார். வழக்கமான தீ விபத்துப் பாலிசியில் கலைப்பொருட்களுக்கு 10,000 ரூபாய்க்கு மேல், தனியாக எழுதிச் சேர்த்திருந்தால் ஒழிய, கிடையாது. ஓதம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிற சேதம் எப்படியும் வராது. இப்போது ஒவ்வொரு படைப்புக்கும் படம், அளவு, வாங்கிய பில் வைத்துப் பட்டியல் போட்டு, மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு தனியாகச் சேர்த்திருக்கிறேன். பிரீமியம் கொஞ்சம்தான் கூடியது.

சுவரை உரிக்கும் முன் பக்கத்து வீட்டு மாமாவிடம் போய் நின்றேன். "ஏண்டி கொழந்தே, என் சுவரையும் சேத்து ஒடைக்கப் போறயா?" என்றார். அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, அந்த வீட்டிலேயே பிறந்தவர். இரண்டு பக்கமும் தேதியோடு படம் எடுத்து, அவர் வீட்டில் விரிசல் விட்டால் நான் சரி செய்து தருவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் சம்மதித்தார். அக்ரஹாரத்தில் இதைச் செய்யாமல் யாரும் சுத்தியலை எடுக்காதீர்கள். தெருவோடு இருக்கிற உறவு வேறு எல்லாவற்றையும் விடப் பெரியது. தொடக்கத்தில் ஸ்டுடியோக்காரர்கள் திண்ணையில் துருப்பிடித்த இரும்பில் ஒரு சிற்பத்தை வைத்தார்கள், சாயங்காலம் வந்து உட்காருகிற மாமிகளுக்கு இடம் போயிற்று, ஒருவரும் எதுவும் சொல்லவில்லை, வருவதை நிறுத்திவிட்டார்கள். நவோஷிமாவில் முதல் வீடான கடோயாவில் கலைஞர் தட்சுவோ மியாஜிமா தண்ணீருக்குள் எண்கள் ஓடும் 125 விளக்குகளை வைத்தபோது, ஒவ்வொரு விளக்கும் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று ஊர்க்காரர்களையே தீர்மானிக்கச் சொன்னார், ஐந்து வயதுக் குழந்தையிலிருந்து தொண்ணூற்றைந்து வயதுக் கிழவர் வரை. என்னிடம் படம் காட்டியவர்கள் இந்தப் பகுதியை மட்டும் காட்டவில்லை, நானேதான் பிற்பாடு தேடிப் படித்தேன். சிற்பத்தை ரேழிக்கு நகர்த்தினேன், மாமிகள் திரும்ப வந்தார்கள். புது ஓவியத்தில் இருக்கும் கைகள் அந்தத் தெருக்காரர்களின் கைகள்தான், மாமாவுடையதும் உண்டு. அறைகளில் மதுவும் அசைவமும் கிடையாது என்று முன்பதிவிலேயே போட்டுவிடுகிறேன். அதனால் போகிற வாடிக்கையாளர்கள் போகட்டும்.

உரித்த சுவரை உடனே பூசவில்லை. முதலில் பாத்ரூம் குழாய்களைச் சுவரை விட்டு விலக்கி மாற்றினோம், தெருப்பக்கம் தண்ணீர் இறங்காமல் ஓடை வெட்டி சரளை போட்டோம், பிறகு தை மாசி வறட்டுக்காற்றில் சுவரை வெறுமனே காயவிட்டோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்த ஒரு விஷயத்தில் நமக்குக் கிடைத்த வரம். அந்த வயதான மேஸ்திரிதான் வந்து செய்தார். நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீர் விட்டு மணலோடு அரைத்து, மெல்லிய அடுக்குகளாகப் பூசினார். ஒரு அடுக்கு இறுகிய பிறகே அடுத்தது. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை எடுத்துத்தான் கல்லாகிறது, அதை அவசரப்படுத்த முடியாது. மேலே வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும், பெயிண்ட் இல்லை. உரித்து, ஓடை வெட்டி, குழாய் மாற்றி, பூசி முடிக்க 4,10,000. தேர் முன்பதிவுகளைத் திருப்பிக் கொடுத்ததில் 1,60,000. முதல் பிளாஸ்டர், முதல் மியூரல், வக்கீல், இரண்டாவது ஓவியம் எல்லாம் கூட்டினால் இந்த ஒரு சுவர் மட்டும் என்னிடம் 12,65,000 வாங்கியிருக்கிறது. அறைகள் மூடிக்கிடந்த மாதங்களின் வட்டி தனி. இன்றும் சுவரின் அடியில் ஆடி மாதம் லேசாக உப்புப் பூக்கும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுவேன், அவ்வளவுதான். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு திரும்ப உள்ளே போகும்.

மற்றப் படங்களுக்கும் சேர்த்துச் சில விஷயங்கள். மழைக்காலத்தில் கேன்வாஸ் தொய்யும், வறட்டுக்காற்றில் இறுகும், அதனால் சட்டத்தில் இறுக்கம் சரி செய்ய ஆப்பு வைக்கிற மாதிரிதான் வாங்க வேண்டும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், மாட்டினால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டிக் காற்றுக்கு இடம் விடுங்கள். காகிதத்தில் செய்த வேலைகளை முற்றத்து வெயில் படும் இடத்தில் வைக்கவே கூடாது. அருங்காட்சியகங்களில் காகிதத்துக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரைதான் வெளிச்சம் விடுவார்கள், போனிலேயே ஓரளவுக்கு அளந்து பார்க்கலாம். பாத்ரூம் கதவுக்கு எதிரே எதுவும் வேண்டாம். விருந்தினர் ஈரத்துண்டைப் படத்தின் சட்டத்தில் காயப்போடுவார்கள், நம்ப மாட்டீர்கள், எத்தனை கொக்கி வைத்தாலும் போடுவார்கள். ஒன்றை மட்டும் எந்த டிசைனரும் சொல்ல மாட்டார்: வீட்டில் விளக்கேற்றி சாம்பிராணி போடுகிற வழக்கம் இருந்தால், அந்தப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒரு வருஷத்தில் கண்ணாடி போடாத படத்தை மங்க வைத்துவிடும். நான் சாம்பிராணியை நிறுத்தவில்லை, படங்களை பூஜையறையிலிருந்து இரண்டு கட்டு தள்ளி மாட்டினேன்.

மேஸ்திரியின் நம்பர் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர் இப்போது தனியாக வேலை செய்வதில்லை, பேரனும் கூட வருகிறான், சுற்று வட்டாரத்தில் சுண்ணாம்பு வேலைக்கு ஆள் இல்லாததால் எப்போதும் கை நிறைய வேலை. உங்களுக்குத் தையில் வேண்டுமென்றால் ஆவணியிலேயே சொல்லி, சுண்ணாம்பை வாங்கி ஊறப்போட்டுவிடச் சொல்கிறார்.